யாரும் சரி சொல்ல வேண்டாம்

என் குரல் எனக்கே பிடிக்காது. நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறந்தால் தொண்டைக்குள் ஏதோ வந்து அடைத்துக்கொள்ளும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியபோது வீட்டில் அழுவேன் என்று எதிர்பார்த்தார்கள். எனக்கு உள்ளுக்குள் நிம்மதிதான், இனி எழுந்து நின்று பாடம் ஒப்பிக்க வேண்டாமே என்று. அப்படிப்பட்டவளின் குரல் இப்போது தினமும் சாயங்காலம் அடுப்படியிலும் தொழுவத்திலும் குழாயடியிலும் கேட்கிறது. யார் வீட்டு வாசலைக் கடந்தாலும் உள்ளே நான் பேசிக்கொண்டிருக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்துவிடுவேன்.

கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து முட்டி தேய்கிறவரை ஒரே பட்டாசுக் கம்பெனியில்தான் வெடிக்குள் மருந்து செலுத்தினேன். இப்போது ஆமத்தூர்ப் பக்கத்தில் என் வீட்டிலேயே உட்கார்ந்து காகிதக் குழாய் சுருட்டிக் கொடுக்கிறேன். கம்பெனி நாரணாபுரத்துக்கும் அப்பால் காட்டுக்குள் இருக்கிறது. எங்கள் தெரு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள காலனி, கம்பெனி நிலத்தை ஒட்டித் தாழ்வாகக் கிடக்கிற பள்ளத்து ஊர் என்று மூன்று இடத்துப் பெண்கள் அங்கே போகிறார்கள். நாளைக்கு வேலை உண்டா, வேன் எப்போது வரும், ஆய்வுக்கு அதிகாரிகள் வருகிறார்களா என்பதெல்லாம் முந்தின நாள் சாயங்காலம்தான் தெரியும். தெரியாமல் போகிறவள் வாசலோடு திரும்ப வேண்டும். தெரியாமல் வீட்டில் இருப்பவளுக்குக் கூலி போகும். போர்மேன் எனக்குச் சொல்வார். நான் போனில் பேசிப் பெண்களின் வாட்ஸப் குரூப்பில் போட வேண்டும். பாதிப் பேருக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வராது என்பதால் எழுதி அனுப்பிப் பிரயோஜனமில்லை.

என்னை ஏன் பிடித்தார் என்று கேட்டேன். "வாயாடிக கையில குடுத்தா ஒன்ன ஒம்பதாக்கிருவாக. நீங்க சொன்னத மட்டும் சொல்லுவீக" என்றார். அதோடு என் மொட்டைமாடி மூலையில் டவர் நன்றாகக் கிடைக்கும். என் கூச்சமே இப்படி ஒரு தகுதியாகும் என்று நான் நினைக்கவில்லை.

தினமும் பொழுது சாயும்போது படியில் பக்கவாட்டாக ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து மாடிக்கு ஏறுவேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்று, கீழே யாருக்கும் கேட்காதபடி போனை வாயோடு ஒட்டிவைத்துப் பேசுவேன். கேட்க வேண்டியவர்கள் எங்கோ இருக்க, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காமல் பேசுவதில் ஒரு சௌகரியம் இருந்தது. ஆனால் பேசி அனுப்பிய பிறகு போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரியும்? எங்கள் பக்கத்து டவர் நம்பத்தகாதது. ஒருத்திக்கு உடனே போகும். அடுத்த வீட்டுக்காரிக்கு மறுநாள் போகும். பள்ளத்து ஊரில் சொல்லவே வேண்டாம். அங்கே ஓட்டுக்கூரையில் ஒழுகுகிற தண்ணீர் மாதிரி சொட்டுச் சொட்டாகத்தான் எதுவும் வந்து விழும்.

அதனால் ஆரம்பத்தில், "கேட்டவுக எல்லாரும் சரின்னு ஒரு வார்த்தை போடுங்க" என்று சொல்லியிருந்தேன். அது நான் போட்ட சட்டம்தான். அதுவே என்னைக் கொன்றது.

"சரித்தே." "சரிக்கா." "ம், சரி." "சரி மதினி, சாப்பிட்டீகளா?" என்று ஆளாளுக்குக் குரல் அனுப்பினார்கள். கட்டைவிரல் படம் வந்தது, ரோஜாப்பூ வந்தது, ஏதோ ஒரு வீட்டில் மாடு கத்துவது மட்டும் வந்தது. எனக்கு என்னவோ நிறைவாகத்தான் இருந்தது. ஒருநாள் "நாளைக்கு லீவு" என்று சொல்லி, எல்லாச் சரியும் வந்துவிட்டது என்று நம்பி இறங்கிப் படுத்தேன். மறுநாள் பள்ளத்து ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் சோற்று வாளியோடு கம்பெனி வாசலில் போய் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

அன்றைக்கு ரேஷன் கடை வரிசையில் அவர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அதில் வாய்நீளமானவள் ஒருத்தி, கோழி நிறைய வளர்ப்பவள். கோழிக்காரி என்றே சொல்கிறேன்.

"என்னத்தே, லீவு விட்டத எங்களுக்குச் சொல்லக் கூடாதாக்கும்?"

"சொன்னேனே தாயி. நீ சரி போட்டிருந்தியே" என்றேன். எல்லோரும் பார்க்கிறார்களே என்று எனக்கு வேர்த்தது.

"சரி போட்டேன். எல்லாரும் சரி சரின்னு போடுதாக, எதுக்குச் சரின்னு தெரியல. நான் மட்டும் போடலைன்னா என்ன நெனப்பாகன்னு நானும் போட்டேன்."

வரிசை முழுதும் சிரித்தது. அவளோடு வந்தவர்களும் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். அத்தனை சரிகளும் பள்ளத்து ஊருக்கு வந்து விழுந்து வழியை அடைத்துக்கொண்டதில், என் சேதி மட்டும் வட்டமாகச் சுற்றிக்கொண்டே நின்றிருக்கிறது. சேதியைவிடச் சேதி கிடைத்தது என்று சொன்னது பெரிய கூட்டமாகப் போய்விட்டது.

அன்றைக்கு அந்த வரிசையிலேயே சண்டையும் சிரிப்புமாக ஒரு முடிவுக்கு வந்தோம். யாரும் சரி சொல்ல வேண்டாம். கேட்டவர்கள் பேசாமல் இருக்கலாம், கேட்காதவள்தான் வாய் திறக்க வேண்டும். அதற்கு ஒரு பெண் சரியாகக் கேட்டாள்: "கேக்கலைங்கறது கேக்காதவளுக்கு எப்படித்தே தெரியும்?" அரிசிக்கு நின்றிருந்த எங்கள் வேன்காரர்தான், "லாரில ஏத்துத பெட்டிக்கு நம்பர் போடுதாகள்ல? நாலும் ஆறும் வந்து அஞ்சு வரலைன்னா அஞ்ச எங்கன்னு தேடுவாக. அப்படிப் போடச் சொல்லுங்க" என்றார். சரியென்று பட்டது. அதிலிருந்து "இன்னைக்கு ஒன்னாவது சேதி", "ரெண்டாவது சேதி" என்று எண் சொல்லித்தான் தொடங்குவேன். இரண்டு வந்து ஒன்று வராதவள் கேட்பாள். அதையும் என்னிடம் கேட்கக் கூடாது, முதலில் பக்கத்து வீட்டில் கேட்க வேண்டும். ஒருத்தி கேட்டுவிட்டால் மற்றவர்கள் அதே கேள்வியைப் போடக் கூடாது. அவளுக்கு வருகிற பதிலையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதிலும் ஒரு ஓட்டை இருந்தது. ஒரே சேதிதான் என்றால், அது வராதவளுக்கு ஒன்று விட்டுப்போனதே தெரியாது. அதனால் சேதி இல்லாத நாளிலும் மாடியேறி, "இன்னைக்குச் சேதி இல்ல" என்று சொல்ல வேண்டியதாயிற்று. பொழுது சாய்ந்தும் என் குரல் வரவில்லையென்றால் ஏதோ கோளாறு, போய் விசாரிக்க வேண்டும் என்று அர்த்தம்.

இப்படி ஓடியது. தவறவில்லை என்று சொல்ல மாட்டேன், முன்னைக்கு இப்போது பரவாயில்லை. ஆனால் அலுப்பு என்றால் அது அலுப்பு. காய்ச்சலானாலும் ஏற வேண்டும், கல்யாண வீட்டுக்குப் போனாலும் பொழுதுக்குள் திரும்ப வேண்டும். சேதி ஒன்றும் இல்லை என்று சொல்வதற்காக முட்டியைப் பிடித்துக்கொண்டு மாடியேறுகிறவள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வேறு ஆளைப் பாருங்கள் என்று போர்மேனிடம் கேட்டும் பார்த்தேன். "பாப்போம்" என்றார். பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

போன தீபாவளி சீசனில்தான் அந்த மழை வந்தது.

மத்தியானத்துக்கு மேல் திடீரென்று இருட்டிக்கொண்டு மின்னல் வெட்டத் தொடங்கியது. மின்னல் என்றால் கம்பெனியில் போட்டது போட்டபடி வெளியே வந்துவிட வேண்டும், அது உயிர்ச் சட்டம். பெண்கள் எல்லோரும் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். மழை ஓய்ந்த பிறகு போர்மேன் கூப்பிட்டார். பாதிப் பேச்சு அறுந்து அறுந்துதான் கேட்டது.

"பின்வேலியோரம் உள்ள மருந்து ரூமுல மேல ஒழுகிருக்கு. காலையில கலந்த மருந்து மீந்து உள்ளயே இருந்து போச்சு. அதுல தண்ணி பட்டுருக்கு. நான் ஆள் கூட்டிட்டு வந்துதான் அத அப்புறப்படுத்தணும். விருதுநகர்ல இருந்து வரணும், நாளைக்கு வெயிலேறிரும். நான் வாரவரைக்கும் யாரும் உள்ள போவக் கூடாது. கேக்குதா?"

"கேக்குது."

"வாட்ச்மேன்ட்டச் சொல்லிட்டேன். ஆனா அவரு முன்வாசல்ல இருப்பாரு. பின்பக்கமா வாரவுகளத்தான்..." அறுந்தது. மறுபடி வந்தது. "ஒருத்திகூட விட்டுப் போவக் கூடாது. பாத்துக்கங்க."

அதற்குமேல் அவர் எனக்கு விளக்க வேண்டியதில்லை. நனைந்த மருந்து ஈரமாக இருக்கிறதே என்று அடங்கிக் கிடக்காது. உள்ளுக்குள்ளேயே சூடேறும். காலையில் போய்க் கதவைத் திறந்து துடைப்பத்தை எடுத்தவர்கள் சிலரை எனக்குத் தெரியும். தெரிந்திருந்தது என்று சொல்ல வேண்டும்.

பின்பக்கம் என்று அவர் சொன்னது பள்ளத்து ஊரை. அவர்களுக்கு வேன் கிடையாது. ஓடைப்பாதையில் நடந்து கம்பிவேலி இடைவெளி வழியாக நேரே வேலையிடத்துக்கு வந்துவிடுவார்கள். துண்டுக்கூலி என்பதால் எவ்வளவு சீக்கிரம் உட்காருகிறார்களோ அவ்வளவு லாபம். அதில் எல்லோருக்கும் முந்தி வருகிறவள் ஒருத்தி, லாரி ஓட்டுநரின் மனைவி. ஒழுகியதாக அவர் சொன்ன அந்த ரூமில் உட்கார்கிறவள் அவள்தான். வந்ததும் கதவைத் திறந்து கூட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள்.

மாடியேறி, காலையில் போர்மேன் வருகிறவரை யாரும் உள்ளே போகக் கூடாது என்று பேசினேன். முதல்முறை பதிவாகவில்லை. மறுபடி பேசினேன். இந்தச் சேதிக்கு மட்டும் பேசாமல் இருந்தால் போதாது என்று தோன்றியது. பேசாமல் இருப்பவள் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறாளா, கேட்கவே இல்லையா என்று நான் எதை வைத்துச் சொல்வது? அதற்காகப் பழையபடி எல்லோரையும் சரி சொல்லச் சொன்னால் வழி அடைத்துக்கொள்ளும். ஆகவே இடத்துக்கு ஒருத்தியாகப் பொறுப்பு விட்டேன். அவள் தன் பக்கத்துப் பெண்களிடம் வீடு வீடாகப் போய்க் கேட்டுவிட்டு ஒரே ஒரு வார்த்தை எனக்குச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவிலிருந்து வார்த்தை வந்தது. காலனியிலிருந்து வந்தது. கடைசியாகப் பள்ளத்து ஊரிலிருந்து கோழிக்காரியின் குரல் வந்தது.

"எல்லாருக்கும் சொல்லியாச்சுத்தே."

வழக்கமாக அவள் ஒரு விஷயத்தைச் சொல்ல ஒன்பது விஷயம் சொல்வாள். இது ரொம்பவும் சுருக்கமாக இருந்தது. தொட்டியில் சாய்ந்துகொண்டு அதையே மறுபடி மறுபடி கேட்டேன். பிறகுதான் உறைத்தது. கோழிக்காரியும் லாரிக்காரர் மனைவியும் அடுத்தடுத்த வீடு. போன கோடையில் காயப்போட்ட மிளகாய் வத்தலைக் கோழி கிளறிவிட்டது என்று ஆரம்பித்து, இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்று போனது. பேசாதவளிடம் எப்படிப் போய்ச் சொன்னாள்?

அவளைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. பள்ளத்து ஊரில் எனக்குத் தெரிந்த எந்த நம்பரும் போகவில்லை. கடைசியாக லாரிக்காரர் மனைவியின் நம்பரை அழுத்தினேன். மணி அடித்தது. எனக்கு உயிர் வந்தது.

"அலோ" என்றது ஆண்குரல். பின்னால் லாரிச் சத்தம்.

"நான் சேதி சொல்லுதவ பேசுதேன். வீட்டுக்காரி இல்லையா தம்பி?"

"அவ வீட்டுல இருக்கா. போனு எங்கிட்ட இருக்கு அத்தே. எம்போனு நனைஞ்சு போச்சு, இதத் தூக்கிட்டு வந்துட்டேன். சாத்தூர் தாண்டி லோடோட போயிட்டிருக்கேன்."

"சேதி ஒன்னு வந்துச்சா அதுல?"

"வந்துச்சு வந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரி தனியாவும் ஒன்னு அனுப்பிருந்தா. பேசாதவ என்ன அனுப்புதான்னு போட்டுக் கேட்டேன், உங்க குரல். கம்பெனிச் சேதி நமக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்."

அப்படித்தான் நடந்திருக்கிறது. கோழிக்காரி மற்ற வீடுகளுக்கு நடந்து போய்ச் சொல்லியிருக்கிறாள். இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் போகப் பிடிக்காமல் என் சேதியைப் போனில் தள்ளிவிட்டிருக்கிறாள். கேட்டதற்கு அடையாளமாக நீலக் கோடு விழுந்திருக்கும். அவள் கணக்கில் அது சொல்லியாச்சு. போன் கேட்டுவிட்டது, போனுக்கு உரியவள் கேட்கவில்லை.

"தம்பி, வீட்டுல வேற போனு இருக்கா?"

"இல்லையே அத்தே. என்ன விஷயம்?" விஷயத்தைச் சொன்னேன். "நான் திரும்பி வந்தாலும் ஓடைத் தண்ணி வடிய விடிஞ்சுரும் அத்தே" என்றான். பேச்சு பாதியிலேயே அறுந்துவிட்டது. பிறகு அவனுக்கும் போகவில்லை, போர்மேனுக்கும் போகவில்லை. எங்கள் டவரும் படுத்துவிட்டது.

வேன்காரர் வீட்டுக்கு நடந்தேன். இப்போதே பள்ளத்து ஊருக்குப் போக முடியுமா என்று கேட்டேன். ஓடையில் இடுப்பளவு தண்ணீர் போகிறது, வடிந்தால்தான் போகலாம், காலையில் முதல் வேனைக் கொஞ்சம் முன்னாலேயே எடுக்கிறேன் என்றார். வீட்டுக்கு வந்து படுத்தேன். தூங்கினேன் என்று சொன்னால் பொய். அவள் கதவைத் திறப்பதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

காலையில் வேனில் ஏறினேன். பல வருஷங்களுக்குப் பிறகு ஏறியதில், எனக்கு எப்போதும் இருந்த ஜன்னலோர இடத்தில் இப்போது வேறொருத்தி இருந்தாள்.

"என்னத்தே, மறுபடி வேலைக்கா? கெளவிய எடுத்துட்டு எங்கள நிப்பாட்டிரப் போறாக" என்று ஒரு சிரிப்பு.

"அத்தைக்கு வாய்ஸ் போட்டுப் போட்டு அலுத்துப் போச்சு. நேருலயே சொல்ல வந்துட்டாக" என்று இன்னொரு சிரிப்பு.

வேன்காரர் அவர்களை அதட்டினார். ஓடைப்பாதை பிரிகிற இடத்தில் என்னை இறக்கிவிட்டு, "பாத்துப் போங்க, வழுக்கும்" என்றார். கூட யாராவது போங்கள் என்றும் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். யாராவது கூட வந்தால் என் வேகத்துக்கு நடக்க வேண்டும், எனக்குக் கூச்சமாக இருக்கும்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். கரிசல் மண், ஒவ்வொரு அடிக்கும் காலைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றது. முட்டியில் வலி ஏறியது. சத்தம் ஏதும் கேட்கிறதா என்று நின்று கேட்பேன், பிறகு நடப்பேன். ஒன்றும் கேட்கவில்லை என்பதும் பயமாகத்தான் இருந்தது. சேதி இல்லை என்று தினமும் சொல்கிற எனக்கு அந்த அமைதியை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கம்பிவேலி தெரிந்தது. வேலி இடைவெளிக்கு உள்ளே, கை கால் கழுவுகிற தண்ணீர்த் தொட்டி ஓரத்தில், சோற்று வாளியைக் கையில் பிடித்தபடி லாரிக்காரர் மனைவி நின்றிருந்தாள். அவள் ரூம் அவளுக்கு எதிரே கூப்பிடு தூரத்தில் இருந்தது. கதவு சாத்தியே இருந்தது.

கூப்பிட நினைத்தேன். வழக்கம்போலத் தொண்டை அடைத்தது. பிறகு எங்கிருந்தோ வந்தது. "ஏத்தா! நில்லு!"

அவள் திரும்பிப் பார்த்தாள். "நின்னுக்கிட்டுத்தான இருக்கேன். நீங்க என்னத்தே இங்கன?"

வேலிக் கல்லைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் தொட்டியில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரைகூட அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அத்தே, நீங்களே நாயத்தைச் சொல்லுங்க. காலையில வாசத் தெளிச்சுக்கிட்டிருக்கேன். அந்தப் பக்கத்து வீட்டுக்காரி இருக்காளே, செவுத்துக்கு அங்கிட்டு நின்னுக்கிட்டுக் கோளிய வையுதா. 'ஏ மூதி, மருந்து ரூமுக்குள்ள கால வச்சிராத. நனைஞ்சு கெடக்கு. போர்மேன் வாரவரைக்கும் வெளியவே கெட'ங்கா. கோளிக்கு எதுக்குத்தே போர்மேன்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

"எனக்குத்தான் சொல்லுதான்னு தெரியுது. ஆனா நெசமாச் சொல்லுதாளா, என் கூலியில மண்ணள்ளிப் போடச் சொல்லுதாளான்னு தெரியலையே? அவ சொல்லி நான் நின்னேன்னு இருக்கக் கூடாது. போயி ஒன்னு ஆச்சுன்னும் இருக்கக் கூடாது. அதான் ரோசிச்சுக்கிட்டு நிக்கேன்."

"எம்புட்டு நேரம் நிப்ப?"

"ரோசிச்சாச்சு. வாளிய வச்சுட்டு உள்ள போவோம்னுதான் கெளம்புனேன். நீங்க கத்துனீக."

அதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். செம்பைக் கீழே வைத்தேன்.

"நெசந்தான் தாயி. அவ சொன்னது நெசந்தான். போர்மேன் எங்கிட்டச் சொன்னாரு" என்றேன்.

அவள் தன் ரூம் கதவைப் பார்த்தாள். பிறகு வாளியை என் பக்கத்தில் வைத்துவிட்டு அவளும் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஓடைப்பாதையில் மற்றப் பெண்களோடு கோழிக்காரி வந்தாள். எங்களைக் கண்டதும் நடை தளர்ந்தது. லாரிக்காரர் மனைவியைப் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்துப் பேசினாள்.

"அத்தே, நேத்து நீலக் கோடு விழுந்துச்சு. நான் என்ன கண்டேன்? காலையில பாத்தா லாரியக் காணோம். லாரி போச்சுன்னா போனும் போயிருக்குமோன்னு அப்பத்தான் எனக்குத் திக்குன்னுச்சு."

"வீடேறி வந்து ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல" என்றேன். நான் யாரையும் அப்படிக் கேட்டதில்லை.

"பேசாதவ வீட்டுக்கு எப்படித்தே போறது? அதான் கோளிகிட்டச் சொன்னேன்."

லாரிக்காரர் மனைவி வானத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "கோளி கேட்டுக்கிடுச்சுன்னு சொல்லுங்கத்தே."

போர்மேன் ஆட்களோடு வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. எங்களையெல்லாம் முன்வாசலுக்கு அப்பால் போகச் சொன்னார்கள். தண்ணீர் ஊற்றி ஊற்றி மருந்தை எடுத்துக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். வெடிக்கவில்லை. என்ன நிலையில் இருந்தது என்று நான் கேட்டதற்குப் போர்மேன், "சட்டி சூடா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். பெண்களுக்கு அரைநாள் கூலி போனதுதான் பெரிய வருத்தம். வேனில் திரும்பும்போது அதைப் பற்றித்தான் பேச்சு. ஒன்றும் நடக்காமல் போன ஒரு காரியத்துக்காக யாரும் யாரையும் நினைத்துக்கொள்ள மாட்டார்கள். அதில் எனக்குக் குறையில்லை. ஜன்னலோரம் கொடுத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு வந்தேன்.

அன்றைக்குப் பொழுது சாய்ந்ததும் படியடியில் நின்று மேலே பார்த்தேன். ஏற வேண்டாம் என்று உடம்பு முழுக்கச் சொன்னது. நான் பேசாவிட்டால் மூன்று இடத்திலும் என்னமோ ஏதோ என்று விசாரிக்கக் கிளம்பிவிடுவார்கள். ஏறினேன். "இன்னைக்கு ஒன்னாவது சேதி. நாளைக்கு வளக்கம்போல வேலை உண்டு. இனிமே பயமுள்ள சேதின்னு நான் சொன்னா, போன வச்சுக் கணக்குப் பாக்காதீக. ஆளு காதுல விளுந்துச்சான்னு பாருங்க. பேசுதவளோ பேசாதவளோ, ஆளப் பாத்து ஒரு வார்த்தை. இம்புட்டுத்தான். யாரும் சரி சொல்ல வேண்டாம்."

யாரும் சொல்லவில்லை. மழைக்குப் பிறகு காற்று குளிர்ந்திருந்தது. முட்டியை நீவிவிட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அப்போது கோழிக்காரியின் போனிலிருந்து ஒரு குரல் வந்து விழுந்தது. போட்டுக் கேட்டேன். அவள் பேசவில்லை. கோழிகள் கொக்கரிக்கிற சத்தம். அதற்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னொருத்தி யாரிடமோ கத்துகிற சத்தம்.

"ஏ கோளி, கேட்டாச்சுன்னு அத்தைகிட்டச் சொல்லு!"

சட்டத்தை மீறியதற்குத் திட்டியிருக்க வேண்டும். எனக்கு அதற்கும் அலுப்பாக இருந்தது. இன்னொரு தரம் போட்டுக் கேட்டேன். பிறகு போனை இடுப்பில் செருகிக்கொண்டு, சுவரைப் பிடித்து, பக்கவாட்டாக ஒவ்வொரு படியாக இறங்கினேன்.